செனான் புரொஜெக்டர் முகப்பு விளக்கு: பொருத்தலும் மின்னிணைப்பும்

செனான் முகப்பு விளக்கு என்பது, சுருளிழை ஏதுமின்றி, செனான் வாயுவும் உலோக உப்புகளும் அடைபட்ட குவார்ட்ஸ் குமிழுக்குள் இரு டங்ஸ்டன் மின்முனைகளுக்கிடையே எழும் மின்வில்லால் ஒளிரும் வாகன விளக்காகும். 1991-இல் பி.எம்.டபிள்யூ 7 வரிசைக் கார்களில் அறிமுகமான இது, 35 வாட்டிலேயே ஏறத்தாழ 3,200 லூமென் தருகிறது. 55 வாட் ஹாலஜன் பல்பு தருவதோ ஏறத்தாழ 1,500 லூமென். ஆகவே ஹாலஜன் பிரதிபலிப்பானில் செனான் பல்பை மட்டும் செருகுவது எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் பெருந்தவறாகும்; ஒளிக்கற்றையின் மேல்விளிம்பைக் கத்தரித்தாற்போல் நிறுத்தும் தடுப்புத் தகடும் குவிவில்லையும் கொண்ட புரொஜெக்டரே அதற்கு உரியது.

புரொஜெக்டரைப் பொருத்துவோர், விளக்குக் கூட்டை மிதமாகச் சூடேற்றிப் பியூட்டைல் பசையை இளக்கி, முன்மூடியைப் பிரித்து, தகட்டின் விளிம்பு சாயாதபடி புரொஜெக்டரை இறுக்கி, ஈரம் புகாமல் மீண்டும் ஒட்டுவர்.

மின்வில்லை மூட்டி நிலைநிறுத்தும் கருவியான பேலஸ்ட், 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட துடிப்பால் அதைத் தொடங்கிவைத்து, டி2எஸ் வகைப் பல்பில் பின்னர் ஏறத்தாழ 85 வோல்ட்டில் பேணுகிறது. தொடக்கத்தில் அது இழுக்கும் மின்னோட்டம் வழக்கத்தைவிட மிகுதி. எனவே மெல்லிய பழைய கம்பியை நம்பாமல், பேட்டரியருகே ஃபியூஸ் வைத்த தனிக்கம்பியை, சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் 30-ஆம் முனையில் சேர்த்து, 87-ஆம் முனையிலிருந்து பேலஸ்டுக்கு மின்சாரம் அளித்து, பழைய விளக்குக் கம்பியை 86-ஆம் முனையிலும் எர்த்தை 85-ஆம் முனையிலும் இணைப்பதே முறை. ஒரே பல்பு லோபீமுக்கும் ஹைபீமுக்கும் பயன்படும் இரட்டைச் செனான் வகையில், தகட்டை நகர்த்தும் சோலனாய்டுக்கு ஹைபீம் கம்பியிலிருந்து இணைப்பு தேவை. 2,000 லூமெனைக் கடக்கும் இத்தகைய விளக்குகளுக்குத் தானியங்கி மட்டச் சீரமைப்பையும் விளக்கு கழுவும் அமைப்பையும் ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை 48 கட்டாயமாக்கியது.