தாமரை என்னும் எண்

கோடிக்கு மேலே தமிழில் என்ன எண் என்று கேட்டால், நூறு கோடி, ஆயிரம் கோடி என்று கோடியையே அடுக்கிக்கொண்டு போகிறோம். முன்னோர் பூக்களின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பரிபாடலின் 2ஆம் பாடல் ஊழிகளின் நீளத்தைச் சொல்ல நெய்தல், குவளை, ஆம்பல் என்ற பேரெண்களைத்தான் கையாளுகிறது.

இப்படி எண்ணாகிய பூக்களுள் தாமரையும் ஒன்று. அதைப் பற்றிப் பேசத் திருநின்றவூர்க்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. திருமகள் வந்து நின்றதால் ஊருக்கு இப்பெயர் என்கிறது தலபுராணம். பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாரின் பெயர் 'என்னைப் பெற்ற தாயார்'. அந்தத் திருவின் இருக்கை தாமரை. செல்வத்தின் கணக்கிலும் அதே பூ: குபேரனின் நிதிகளில் ஒன்று பதுமநிதி. பதுமம் வடமொழியில் பேரெண்ணும்கூட.

தமிழ்ச் சான்று தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் இருக்கிறது. 'ஐ', 'அம்', 'பல்' என முடியும் எண்ணுப்பெயர்களுக்கு அது புணர்ச்சி விதி வகுக்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் காட்டு தருகிறார்கள். ஏழு என்பது பத்தோடும் நூறோடும் சேரும்போது குறுகி எழுபது, எழுநூறு ஆகும். தாமரையோடு சேர்ந்தால் குறுகாது. ஏழ்தாமரை என்றே நிற்கும். வழக்கில் இல்லாத சொல்லுக்கு இலக்கணி இவ்வளவு மெனக்கெடமாட்டார்.

அந்த விதி ஒலியைத்தான் காத்தது, மதிப்பைச் சொல்லவில்லை. பாஸ்கரரின் கணித நூலான லீலாவதியில் (1150) தாமரையைக் குறிக்கும் அப்ஜம் நூறு கோடி, அதாவது ஒன்றுக்குப் பின் 9 சுழியம். மகாபத்மம் லட்சம் கோடி. இன்றைய இந்திக் கணக்கில் பத்மம் 15 சுழியம்.

எதுவானாலும் பத்தின் அடுக்குதான். ஆகவே 2, 5 தவிர வேறு பகா எண் அதை வகுக்காது. சுழியங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, அதை அதனாலேயே பெருக்கினால் வகுத்திகள் எத்தனை என்று தெரிந்துவிடும். கோடிக்கு 8 × 8, அதாவது 64. லீலாவதித் தாமரைக்கு 100, இந்திப் பத்மத்துக்கு 256. ஒரு தாமரையை ஏழு பேருக்கு மீதியில்லாமல் பங்கிட முடியாது, ஏழ்தாமரையை முடியும்.

கைபேசியில் சுற்றும் பட்டியல்களில் தாமரைக்கு இத்தனை சுழியம் என்று அடித்துச் சொல்லியிருந்தால், எந்த நூல், எந்தக் காலம் என்று கேளுங்கள். பதில் இல்லாத பட்டியலைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராதீர்கள்.