ராணி, ஆறு, நான்கு: ஒரு சூதாட்டக் கணக்கின் கதை

சூது ஹராம் என்று மத்ரஸா வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் "சேர், அது அதிர்ஷ்டம் இல்ல, கணக்குத் தெரிஞ்சா வெல்லலாம்" என்று சொல்லும் பிள்ளைகளை இப்போது வகுப்பிலேயே பார்க்கிறோம். சரி, அந்தக் கணக்கையே பார்ப்போம்.

போக்கரில் எதிரில் இருப்பவரின் மனதையும் படிக்க வேண்டும். 1994இல் டெரெக் வெப் என்ற ஆங்கிலேயர் அதைச் சுருக்கி, மூன்று கடதாசிப் போக்கரை உருவாக்கினார். எதிரில் கசினோவின் டீலர் மட்டும்தான். ஆடுபவர் ஒரு பந்தயம் வைத்ததும் மூன்று கடதாசி வரும். பார்த்துவிட்டு ஒதுங்கினால் வைத்த காசு போய்விடும். தொடர்வதென்றால் அதே அளவு இன்னொரு முறை வைக்க வேண்டும். டீலரின் கை ராணிக்குக் கீழே இருந்தால் முதல் பந்தயத்துக்கு மட்டும் காசு; இரண்டாவது அப்படியே திரும்பி வரும்.

52 கடதாசியில் மூன்றை எடுக்க 22,100 வழிகள். டீலருக்கு மிச்சத்திலிருந்து 18,424 வழிகள். சேர்மானம் படிக்கும் பிள்ளைகள் போட்டுப் பாருங்கள். இரண்டையும் பெருக்கினால் சுமார் 40 கோடி. கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை, எல்லாவற்றையும் எண்ணி முடித்தாகிவிட்டது. கிடைத்த விடை ஒரே வரி: ராணி, 6, 4 அல்லது அதைவிடப் பெரிய கை என்றால் தொடர், இல்லாவிட்டால் ஒதுங்கு.

ஏன் சரியாக அந்த இடம்? ஒதுங்கினால் நட்டம் ஒரு பந்தயம். ராணி, 6, 4ஐ வைத்துத் தொடர்ந்தால் சராசரி நட்டம் அதைவிட மயிரிழை குறைவு. ராணி, 6, 3 என்றால் மயிரிழை கூட. கவனியுங்கள், மூன்றுமே நட்டம்தான்! எதில் குறைய இழப்பது என்பதைத்தான் அந்தச் சூத்திரம் சொல்கிறது.

நல்ல கைகளின் வெற்றியையும் சேர்த்துப் பார்த்தாலும், இந்த விதியைப் பிசகாமல் பின்பற்றுபவரின் முதல் பந்தயத்தில் சராசரியாக 3.37 சதவீதம் கசினோவுக்குப் போகும். 1,000 ரூபாய் வீதம் நூறு கை ஆடினால் 3,370 ரூபாய். பிழை விடுபவருக்கு இன்னும் கூட. எண்ணி முடித்த கணக்கில் ஒளித்துவைக்க வேறு இரகசியம் எதுவும் இல்லை.

வெப் அந்த விளையாட்டின் உரிமையை விற்றுப் பணக்காரரானார். பிறகு அதே மனிதர், பிரித்தானியாவின் பந்தயக் கடைகளில் இருந்த சூதாட்ட இயந்திரங்களுக்கு எதிராகத் தன் காசைச் செலவழித்துப் பிரசாரம் செய்தார். இருபது செக்கனுக்கு ஒரு தடவை 100 ஸ்டேர்லிங் பவுண் வரை அதில் வைக்கலாம். 2019 ஏப்ரலில் அந்த உச்சவரம்பு 2 பவுணாகக் குறைந்தது.