அஞ்சடியில் அறுபத்துநான்கு

சிங்கப்பூரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழரிடையே 'அஞ்சடி' என்றொரு சொல் வழங்குகிறது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர் அதைக் கேட்டால் ஏதோ அளவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நினைப்பார். அளவுதான், ஆனால் அளவே இடத்துக்குப் பெயராகிவிட்டது. கடைவீடுகளின் மாடி முன்னால் நீண்டு நிற்க, அதன் கீழே வெயிலும் மழையும் படாமல் வாசலுக்கு வாசல் தொடர்ந்து ஓடும் ஐந்தடி அகல நடைவழியே அஞ்சடி. மலாயில் அதைக் 'காக்கி லீமா' என்பார்கள், பொருள் ஒன்றே.

இந்த நடைவழி தற்செயலாக உண்டானதன்று. 1822 நவம்பர் 4ஆம் தேதி ஸர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் நகர அமைப்புக் கமிட்டிக்கு விடுத்த உத்தரவில், வீடுகள் ஒழுங்கான முகப்புடன் அமைய வேண்டுமென்றும், ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறிப்பிட்ட அகலத்தில் தாழ்வாரம் விட்டு, அதைத் தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான கூரையிட்ட வழியாக எந்நேரமும் திறந்து வைக்க வேண்டுமென்றும் கண்டிருந்தது. உஷ்ணப் பிரதேசத்தில் பாதசாரியின் கஷ்டம் அறிந்து எழுதிய உத்தரவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ராபிள்ஸ் நடப்பதற்காக விட்ட இடத்தில் ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

யார் யார் உட்கார்ந்தார்கள்? நாற்காலி ஒன்றும் கண்ணாடி ஒன்றும் முதலாகக் கொண்ட நாவிதர், செருப்புத் தைப்பவர், தின்பண்டம் விற்பவர், பூக்கட்டுபவர், கிளி ஜோசியர். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரையும் விட்டுவிடக் கூடாது. தம்பி நிலத்தை விற்றுத் தின்றுவிட்டான் என்று ஒருவன் ஆத்திரத்தில் கொட்டுவதையெல்லாம் 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்று ஆரம்பித்து, ஊரில் யாரேனும் உரக்கப் படித்தாலும் குடும்பம் உடையாத பாஷையில் மாற்றி, ஒரே தாளில் அடக்கிக் கொடுத்தவரை வெறும் குமாஸ்தா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதிகாரிகளுக்கு இதெல்லாம் இடைஞ்சலாகவே பட்டது. 1888 பிப்ரவரியில், முனிசிபாலிடியின் தலைவராக இருந்த டாக்டர் ரோவெல் அஞ்சடிகளைக் காலிசெய்ய முனைந்தபோது, பெரும்பாலும் சீனர்களாயிருந்த வியாபாரிகள் கடைகளை அடைத்தார்கள், கல்லெறி நடந்தது, 21ஆம் தேதி தொடங்கி மூன்று நாள் நகரம் ஸ்தம்பித்தது. தாழ்வாரக் கலகம் என்று சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்ட இச்சம்பவத்துக்குப் பின்னும் நடப்பவர்க்கும் உட்கார்ந்தவர்க்கும் இடையே வழக்கு ஓயவில்லை.

இப்போது லிட்டில் இந்தியா என்று வழங்கும் சிராங்கூன் சாலைப் பகுதியில் அக்காலத்தில் மாட்டுக் கொட்டில்களும் செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. எருமையின் ஞாபகம் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று இரண்டு பாஷைகளில் நிலைத்துவிட்டது. சுண்ணாம்பின் ஞாபகத்தைக் காப்பாற்றியது தமிழ்த் தொழிலாளியின் வாய். மலாயின் 'கம்போங்' என்ற சொல்லைக் 'கம்பம்' என்று தன் நாவுக்கு இசைய வளைத்து, அந்த இடத்துக்குச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அவன் பெயர் வைத்தான். 1881இல் அங்கே எழுந்த ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் வெகுகாலம் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றே வழங்கிற்று. வரைபடத்தில் ஏறாத பெயர். வைத்தவன் இன்னான் என்றும் இல்லை. ஆயினும் இரண்டு பாஷைகளை இரண்டே சொல்லில் முடிச்சிட்ட சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

முடிச்சு என்றதும் பூக்கட்டுபவரிடம் வர வேண்டியதாகிறது. சென்ற மாதம் ஒரு பிற்பகல், கேம்பல் லேனின் அஞ்சடியில் மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் எதிரே கால்மணி நேரம் நின்றேன். நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தார். இரண்டு மொட்டு இப்புறம், இரண்டு மொட்டு அப்புறம் என்று காம்போடு காம்பு பொருந்த வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் திருகி, அதைக் காம்புகளின் மேல் நழுவவிட்டு ஒரு சொடுக்கு. கண் இமைப்பதற்குள் ஒரு கண்ணி முடிந்தது. பார்வையோ பூவின் மேல் இல்லை, எதிர்க்கடைக்காரரோடு நடந்த பேச்சில் இருந்தது. கண்ணிகளுக்கிடையே சற்று இடம் விட்டுக் கட்டுவதைக் கண்டு, நெருக்கிக் கட்டினால் இன்னும் அழகாக இருக்குமே என்று கேட்டுவிட்டேன்.

"இப்ப மொட்டு சார். சாயங்காலம் விரியறப்ப இடம் வேணும்ல? நெருக்கிக் கட்டுனா ஒண்ணையொண்ணு முட்டிக்கும்" என்றார்.

கட்டும்போது இருக்கும் சரத்தை அவர் கட்டவில்லை; ஆறு மணிக்கு ஒரு பெண்ணின் கூந்தலில் இருக்கப்போகும் சரத்தையே கட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் தொங்கிய மாலைகளில் சாமந்திக்கும் துளசிக்கும் நடுவே ஊதா நிற ஆர்க்கிட் மலர்கள் இருந்தன. நம் பாட்டிமார் கட்டிய மாலைகளில் ஆர்க்கிட் ஏது? இந்தத் தீவில் அது செழித்த மலர். 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற அம்மையாரின் பெயரோடு உலகுக்கு அறிமுகமான 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' 1981இல் நாட்டின் தேசிய மலராயிற்று. அந்த இனத்தை உருவாக்கியவர் பெயர் பூவோடு நிற்கிறது. ஆர்க்கிட்டைத் துளசியோடு முதன்முதலாகச் சேர்த்து, சுவாமிக்கு ஆகுமா ஆகாதா என்று ஒரு கணம் தயங்கி, பிறகு துணிந்து கட்டிய கைக்கு மட்டும் பெயரில்லை.

கலை என்றால் மேடையும் சபையும் வேண்டும் என்ற எண்ணம் நமக்குச் சமீபத்தில் வந்தது. வாத்ஸ்யாயனர் தரும் அறுபத்துநான்கு கலைகளின் ஜாபிதா சங்கீதம், வாத்தியம், நிருத்தியம், சித்திரம் என்று ஆரம்பித்து, அதே வரிசையில் கூச்சமில்லாமல் மாலை தொடுத்தலையும், சமையலையும், தச்சுவேலையையும், கிளிக்கும் நாகணவாய்க்கும் பேச்சுப் பழக்குவதையும் சேர்த்துச் சொல்கிறது. சிராங்கூன் சாலை அஞ்சடியில் பூக்கூடையும் கிளிக்கூண்டும் இருந்த நாட்களில் அந்தப் பட்டியலில் இரண்டையாவது பாதசாரி தினமும் தாண்டிச் சென்றான் என்பது அவனுக்கே தெரியாது. உண்மையில் ஜோசியரின் கிளி பேசுவதில்லை. நட்சத்திரத்துக்கு ஒன்றாக அடுக்கிய இருபத்தேழு சீட்டுகளில் ஒன்றை அலகால் இழுத்துப் போட்டுவிட்டு நெல்லுக்குக் காத்திருக்கும். பேச்செல்லாம் ஜோசியருடையது. வந்தவர் முகத்தைப் பார்த்துத் தமிழிலோ மலாயிலோ அரைகுறை ஆங்கிலத்திலோ, அதே சீட்டுக்கு வேறு வேறு கதை சொல்வார். ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, கதையில் உண்டு.

1989 ஜூலையில் இவ்வட்டாரத்துக் கட்டடங்களுக்குச் சட்டப்படி பாதுகாப்புக் கிடைத்தது. 2015இல் அதே கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள். நல்ல காரியமே. முன்னோர் புழங்கிய நகைகளும் பாத்திரங்களும் அங்கே கண்ணாடிக்குள் தக்க விளக்கத்தோடு இருக்கின்றன. பார்த்துவிட்டு வெளியே வந்தால் நான்கு எட்டில் மாலைக் கடை.

அன்றைக்கும் அப்படித்தான் வந்து நின்றிருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தெருவில் நடந்தவர்களெல்லாம், சீனர், வங்காளத் தொழிலாளிகள், கையில் படப்பெட்டியோடு வந்த வெள்ளைக்காரர் இருவர் உட்பட, அஞ்சடிக்குள் ஓடிவந்து நெருங்கி நின்றார்கள். பெரியவர் கட்டைவிரலில் மாட்டிய நூலைக் கழற்றாமலேயே, பூக்கூடையை ஒரு முழம் உள்ளே இழுத்து எங்களுக்கு இடம் விட்டார்.