மாற்று இதயத்தின் தமனி நோயைப் படமெடுத்தல்: எது அளவுகோல்?

1968 ஜனவரி 2 அன்று கேப் டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில், பிலிப் பிளைபெர்க் என்ற பல் மருத்துவருக்கு 24 வயது இளைஞர் ஒருவரின் இதயத்தைக் கிறிஸ்டியான் பர்னார்ட் பொருத்தினார். பிளைபெர்க் பத்தொன்பது மாதங்களுக்கு மேல் வாழ்ந்து 1969 ஆகஸ்டில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில், அந்த இளம் இதயத்தின் கரோனரி தமனிகள் கடுமையாகத் தடித்துக் குறுகியிருந்தன. இரண்டே ஆண்டுக்குள் ஒரு தமனி இவ்வளவு முதுமை அடைய முடியும் என்பதை மருத்துவ உலகம் அன்று நேரில் கண்டது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் அதன்பின் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனாலும் அனைத்துலகப் பதிவேட்டின்படி, இதய மாற்று பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு 5 ஆண்டுகளிலும், பாதிப்பேருக்கு 10 ஆண்டுகளிலும் இந்நோய் ஆஞ்சியோகிராமில் தெரியவருகிறது.

இந்நோயைக் கண்காணிக்க ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ குழாய் செலுத்தி ஆஞ்சியோகிராம் எடுப்பதே நெடுநாள் வழக்கம். அதற்கு மாற்றாக ஊடுருவாத படமுறைகளைத் தேடும் ஆய்வுகள், பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: புதிய முறை ஆஞ்சியோகிராமுடன் எவ்வளவு ஒத்துப்போகிறது? இந்தக் கேள்வியே தவறு என்பது என் வாதம். குறையுள்ள ஒரு சோதனையை நகலெடுப்பதில் எந்தப் படமுறை வல்லது என்று பார்ப்பதால் நோயாளிக்குப் பயனில்லை. நோய் இருக்கும் இடத்தை அது பார்க்கிறதா, அந்த முடிவைக் கொண்டு மருந்தை மாற்ற முடிகிறதா என்பதே அளவுகோலாக வேண்டும்.

நோயின் இயல்பிலிருந்து தொடங்கலாம். வழக்கமான மாரடைப்பு நோயில் கொழுப்புப் படிவு தமனியின் ஓரிடத்தில் ஒருபக்கமாக வளரும். மாற்று இதயத்திலோ, பெறுநரின் எதிர்ப்பாற்றல் கொடையாளரின் தமனி உட்சுவரை இடைவிடாது தாக்குகிறது. உட்சுவர் தமனியின் முழு நீளத்துக்கும் வட்டமாகத் தடிக்கிறது, நுண்தமனிகள் வரை பரவுகிறது. தொடக்கத்தில் தமனி வெளிப்புறமாக விரிந்து கொடுப்பதால் உள்வழி குறுகுவதில்லை. ஆஞ்சியோகிராம் காட்டுவது அந்த உள்வழியின் நிழலை மட்டுமே. ஒரு பகுதியின் குறுக்கத்தை அடுத்துள்ள நல்ல பகுதியோடு ஒப்பிட்டுத்தான் அதை அளக்கிறோம். எல்லாப் பகுதியும் சமமாகத் தடித்திருக்கும்போது ஒப்பிட நல்ல பகுதி ஏது? தமனிக்குள் அல்ட்ராசவுண்ட் செலுத்திச் சுவரை நேரடியாக அளந்த இரண்டு ஆய்வுகள் 2005இல் வெளிவந்தன. முதல் ஆண்டில் உட்சுவர் 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தவர்களிடையே பின்னாளில் இறப்பும் இதய இழப்பும் அதிகம் என்று இரண்டுமே காட்டின. அரை மில்லிமீட்டரில் எழுதப்படும் இந்த எச்சரிக்கையை நிழற்படம் பெரும்பாலும் தவறவிடுகிறது.

நோயாளியின் உடலும் எச்சரிப்பதில்லை. அறுவைச் சிகிச்சையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால், ரத்த ஓட்டம் குறைந்தாலும் பலருக்கு நெஞ்சுவலி வராது. சிலருக்கு ஆண்டுகள் கழித்து நரம்பு ஓரளவு மீண்டும் வளர்கிறது. மற்றவர்களிடம் மூச்சுத்திணறலோ, துடிப்புக் கோளாறோ, திடீர் மரணமோதான் முதல் அறிகுறி.

டோபுட்டமைன் கொடுத்து எடுக்கும் எக்கோ எங்கும் கிடைப்பது, கதிர்வீச்சு இல்லாதது. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் அதன் உணர்திறன் 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இதயத்தின் ஒரு சுவர் மற்றவற்றைவிடச் சோர்ந்து அசைந்தால்தான் அது நோயைக் காட்டும். மூன்று தமனிகளும் ஒருசேர நலிந்தால் வேறுபாடு தெரியாது. எக்கோ இயல்பாக இருக்கிறது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

சி.டி. ஆஞ்சியோகிராமின் நிலை வேறு. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆஞ்சியோகிராமோடு ஒப்பிட்டபோது அதன் உணர்திறனைச் சுமார் 97 விழுக்காடு என்றது. தமனிக்குள் எடுத்த அல்ட்ராசவுண்டோடு ஒப்பிட்டபோது அதே உணர்திறன் சுமார் 81 ஆக இறங்கியது. கருவி மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. இதனால் சி.டி.யை ஒதுக்கவேண்டியதில்லை. தடித்த சுவரையே காட்டக்கூடிய ஊடுருவாத முறை என்பதுதான் அதன் தனிச்சிறப்பு. ஆனால் அறிக்கைகள் பலவற்றில் அடைப்பின் விழுக்காடு மட்டுமே எழுதப்படுகிறது, சுவரைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. நடைமுறைத் தடைகளும் உண்டு. நரம்பற்ற இதயம் ஓய்விலேயே நிமிடத்துக்கு 90, 100 முறை துடிப்பதால் படம் மங்குகிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்குக் கான்ட்ராஸ்ட் மருந்து கூடுதல் சுமை.

ரத்த ஓட்டத்தையே மில்லிலிட்டரில் அளக்கும் பெட் ஸ்கேன், நுண்தமனிகளின் நலிவையும் கணக்கில் கொள்கிறது. ஓய்விலும், தமனியை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் ஓட்டத்தை அளந்து விகிதம் காண்பார்கள். இரண்டுக்குக் கீழே போனால் கவலை. ஆனால் மாற்று இதயத்தில் இந்த விகிதத்தை அப்படியே படிக்கக்கூடாது. எடுத்துக்காட்டாக, ஓய்வில் ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 1.4 மி.லி., மருந்துக்குப் பின் 2.5 மி.லி. என்றால் விகிதம் 1.8, நோய் என்று தோன்றும். அவருடைய ஓய்வுத் துடிப்பு 95, மேல் ரத்த அழுத்தம் 130 என்று தெரிந்தால் கதை மாறும். இரண்டின் பெருக்கற்பலன் 12,350. அதை 10,000 என்ற அடிப்படை அளவுக்குச் சரிசெய்தால் ஓய்வு ஓட்டம் ஏறத்தாழ 1.13, விகிதம் 2.2. குறைபாடு தமனியில் இல்லை. வேகமாக உழைக்கும் இதயம் ஓய்விலேயே அதிக ரத்தம் கேட்கிறது. ஆகவே திருத்திய விகிதத்தோடு, மருந்துக்குப் பிந்தைய ஓட்டத்தையும் தனியே எழுதாத பெட் அறிக்கை அரைகுறையானது. எம்.ஆர்.ஐ.யிலும் இத்தகைய அளவீடு இப்போது இயலும், கதிர்வீச்சும் இல்லை. அதைச் சரியாகச் செய்யும் மையங்கள்தான் குறைவு.

தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புதானத் திட்டம் வேரூன்றியதால், இதய மாற்று பெற்றுப் பல ஆண்டுகளாக வாழ்வோர் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் பலர் மாற்று மையங்களுக்குத் தொலைவில் வசிப்பவர்கள். பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் நைட்ரஜன்-13 அம்மோனியாவின் அரை ஆயுள் பத்தே நிமிடம். சைக்ளோட்ரான் அருகிலேயே வேண்டும். ரூபிடியம்-82க்கு 76 நொடிதான்; அதைத் தரும் ஜெனரேட்டரைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், போதிய நோயாளிகள் இல்லாத மையத்துக்குக் கட்டுப்படியாகாது. சி.டி.யோ பெருநகரங்களுக்கு வெளியேயும் வந்துவிட்டது. எனவே முதல் ஆண்டு முடிவில் தமனிக்குள் அல்ட்ராசவுண்டோடு ஓர் ஆஞ்சியோகிராம், அதன்பின் சிறுநீரகம் இடம்கொடுக்கும்வரை சுவரையும் விவரிக்கும் சி.டி., ஐயம் எழுந்தால் பெட் வசதியுள்ள மையத்துக்கு அனுப்புதல் என்ற வரிசையே இங்கு பொருந்தும் என்று கருதுகிறேன்.

நோயை முன்கூட்டியே கண்டறியும் அவசரத்துக்குக் காரணம் சிகிச்சை. கொழுப்பைக் குறைக்கும் பிரவாஸ்டாடினைத் தொடக்கத்திலேயே கொடுப்பதன் பயனை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. எதிர்ப்பாற்றலை அடக்கும் எவரோலிமஸ் மருந்தைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்றவர்களின் உட்சுவர் தடிப்பு 12 மாதங்களில் அசாதயோபிரின் பெற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. அந்த வேறுபாட்டை அளந்தது தமனிக்குள் செலுத்திய அல்ட்ராசவுண்ட். ஆஞ்சியோகிராமை மட்டும் நம்பியிருந்தால் ஓராண்டுக்குள் அதைப் பிடிப்பது அரிது. ஆண்டுகள் கடந்து நோய் முற்றிய தமனிகளில் இத்தகைய மருந்துகளுக்கு மாறுவதன் பலன் மிகக் குறைவு. அந்தக் கட்டத்தில் எஞ்சுவது சில இடங்களில் ஸ்டென்ட், மிகச் சிலருக்கு இரண்டாவது இதயம்.