வடமேற்கு வேல்ஸ் பண்பாட்டுப் பயணம்

மூன்று நான்கு நாள்களில் வேல்ஸ் நாட்டின் மரபை அறிய விரும்புவோருக்குப் பொருத்தமான பகுதி, வடமேற்கிலுள்ள குவினெத்தும் அதன் சுற்றுப்புறமும். தலைநகர் கார்டிஃப் அருகே 1948இல் திறக்கப்பட்ட செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் வேல்ஷ் மொழி கடையிலும் பேருந்திலும் புழங்குவதைக் கேட்க வடமேற்குக்கே போக வேண்டும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுவதும் அம்மொழி பேசுவோர் 17.8 விழுக்காடு, குவினெத்தில் 64.4.

வழிகாட்டி நூல்கள் கோட்டைகளில் தொடங்கும். கான்வி, கேர்நார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் ஆகிய நான்கும் 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. இவை வேல்ஷ் மன்னர்கள் கட்டியவை அல்ல. 1282இல் வேல்ஷ் இளவரசர் லெவெலின் கொல்லப்பட்டபின், இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு வேல்ஷ் மக்களை அடக்கிவைக்க எழுப்பியவை. மதிலுக்குள் ஆங்கிலேயரைக் குடியமர்த்தினார். இன்று கேர்நார்வன் மதிலுக்குள் அன்றாடப் பேச்சு வேல்ஷ். கோட்டைகளில் ஒன்றிரண்டு போதும். நாள் முழுவதையும் அவற்றுக்குக் கொடுக்கத் தேவையில்லை.

கொடுக்க வேண்டியது சிலேட்டுக்கு. உலகெங்கும் கூரைகளுக்குப் போன இந்தக் கல்லை வெட்டிய நிலப்பரப்பு 2021இல் உலக மரபுச் சின்னமானது. லாண்டட்னோ ஜங்ஷனிலிருந்து ரயிலேறினால் பிளைனாய் ஃபெஸ்டினியோக் வரும். ஊரைச் சுற்றிலும் சாம்பல் நிறக் கழிவுக்கல் மலைகள். லெஹ்வெத் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கலாம். தொழிலாளர்கள் தொடையில் சங்கிலி சுற்றித் தொங்கியபடி மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாறை துளைத்த இடம் அது. சாப்பாட்டு வேளையில் அவர்கள் கூடிய 'காபன்' என்னும் குடிலில் பாட்டும் அரசியல் விவாதமும் நடந்தன. பெத்தெஸ்டாவின் பென்ரின் குவாரியில் 1900இல் தொடங்கிய தொழிலாளர் போராட்டம் மூன்றாண்டு நீடித்துத் தோற்றது. முதலாளி குடும்பத்தின் பென்ரின் மாளிகை இன்றும் நிற்கிறது. அக்குடும்பச் செல்வத்தின் ஒரு வேர் ஜமைக்கா கரும்புத் தோட்ட அடிமை உழைப்பு.

பிளைனாயிலிருந்து போர்த்மாடோக் துறைமுகத்துக்கு 1836இல் குறுகிய பாதை போட்டார்கள். கல்லேற்றிய வண்டிகள் சரிவில் தாமாக இறங்கின. வெற்று வண்டிகளை மேலே இழுக்க வேண்டிய குதிரைகளும் அவற்றோடு ஒரு வண்டியில் நின்றபடி இறங்கின. 1863இல் நீராவி எஞ்சின் வந்தது. இன்று அது சுற்றுலா ரயில். போர்த்மாடோக்கில் மாறினால் எரிரி மலைகளூடே சுமார் 40 கிலோமீட்டர் கடந்து கேர்நார்வன் சேரலாம். குளிர்காலத்தில் ஓட்டம் குறைவு. லான்பெரிஸ் சிலேட் அருங்காட்சியகம் 2024 இறுதியில் புதுப்பிப்புக்காக மூடப்பட்டதால், முன்கூட்டி விசாரிப்பது நல்லது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் போவோர் 'ஐஸ்டெத்வொட்' என்னும் தேசியக் கவிதை, இசை விழாவைக் காணலாம். அது ஆண்டுதோறும் ஊர் மாறும். வென்ற கவிஞருக்கு நாற்காலி பரிசு. 1917இல் வென்றவர் பெயரை அழைத்தபோது அவர் இல்லை: ஆடு மேய்த்த கவிஞர் ஹெத் வின், ஜூலை 31 அன்றே பெல்ஜியப் போர்க்களத்தில் இறந்திருந்தார். நாற்காலியைக் கருந்துணியால் போர்த்தினார்கள். அதைச் செதுக்கியவர் ஒரு பெல்ஜிய அகதி. டிராஸ்வினித் அருகிலுள்ள ஹெத் வின்னின் பண்ணை வீட்டில் அந்த நாற்காலி இருக்கிறது.

திரும்புகையில் போர்த்மாடோக்கிலிருந்து கடலோர ரயிலில் ஹார்லெக் வழியாகப் போகலாம். 1404இல் கிளர்ச்சித் தலைவர் ஓவைன் கிளிந்தூர் நாடாளுமன்றம் கூட்டிய மாக்கன்லெத், பாதையில் வரும். அதற்கப்பால் வெல்ஷ்பூல்; அங்குள்ள பாவிஸ் கோட்டையில், 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவ் குடும்பம் சேர்த்த இந்தியப் பொருள்களோடு திப்பு சுல்தானின் கூடாரமும் இருக்கிறது.