கூறை கேட்டு வருகிறவர்கள்

காரைக்காலில் எங்களுடையது ஜவுளிக் கடை. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்ததும், "முதல்ல கூறையைக் காட்டுங்க தம்பி" என்பார்கள். மற்ற ஜவுளியெல்லாம் அதற்குப் பிறகுதான். பெண் கூறை உடுத்தி மணவறைக்கு வந்தால்தான் தாலி ஏறும். யாழ்ப்பாணத்திலும் முகூர்த்தச் சேலைக்குக் கூறை என்றே பேர்.

பழந்தமிழில் கூறை என்றால் துணி, அவ்வளவுதான். ஆண்டாள் பாட்டில் பெண்கள் குருந்த மரத்தில் ஏறிய கண்ணனிடம் கெஞ்சிக் கேட்பது தங்கள் கூறையைத்தான். துணி நெய்தவர்கள் குடியிருந்ததால் மாயவரத்தை ஒட்டிய ஊர் கூறைநாடு ஆயிற்று என்பார்கள். அந்த ஊர்ச் சாலியர்கள் பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் கட்டமாக நெய்த சேலைதான் கூறைப்புடவை. நெய்தவர்களின் ஊர் அந்தப் பேரிலேயே இருக்கிறது.

எல்லாத் துணிக்கும் அப்படி வாய்க்கவில்லை. ஒரே நிறத்தில், நெசவின் பின்னலாலேயே பூவேலை தெரியும் துணியை ஐரோப்பியர் டமாஸ்க் என்றார்கள், சிரியாவின் டமாஸ்கஸ் நகரத்தை வைத்து. பிறகு அதை இத்தாலியிலும் பிளாண்டர்ஸிலும் நெய்தபோதும் பேர் மாறவில்லை. எனக்கு மனம் பொறுக்காதது கினே துணியின் கதை. 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அவர்களுடைய புதுச்சேரியில் நெய்து, அவுரி நீலம் தோய்த்த துணி கப்பலேறி செனகலுக்குப் போனது. அங்கே வேலம்பிசினுக்கு மாற்றுப் பண்டமானது. விற்ற இடமான ஆப்பிரிக்கக் கரையின் பேரால் அதைக் கினே என்றார்கள். நெய்த கைக்கும் சாயம் தோய்த்த கைக்கும் அந்தப் பேரில் இடமில்லை.

பூவேலைக்கான கருவியின் பேரும் பிரான்சிலிருந்தே வந்தது. காஞ்சிபுரத்தில் முன்பு அடை என்னும் நூற்கட்டைத் தறியில் கட்டி, பக்கத்தில் ஒரு ஆள் நூலை இழுத்துக்கொடுக்கப் புட்டா என்னும் பூ விழும். லியோன் நகரத்து ஜோசப் மரீ ஜக்கார் 1804-ல் காப்புரிமை பெற்ற பொறியில் துளையிட்ட அட்டைகளே பாவு நூலைத் தூக்கின. இன்று நம் நெசவாளர்களுக்கு அது ஜக்கார்டு.

கூறைநாட்டில் தறிகள் அருகிவிட்டன. முகூர்த்தத்துக்கு எடுக்கும் எந்தப் பட்டும் இப்போது கூறைதான். அதனால் மடிப்பைப் பிரிக்கும்போதே இது ஆரணி, இது திருபுவனம் என்று நெய்த ஊரைச் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டம் போட்ட கூறைநாட்டுச் சேலை எப்போதாவது கிடைத்தால், விலை குறைவானாலும் அதைத்தான் முதலில் விரிக்கிறேன்.