சரண் புகுந்த மூவர்

சரண் என்னும் சொல்லைத் தமிழ் இரு களங்களில் ஆள்கிறது. தோற்ற வீரன் படைக்கலத்தைக் கீழே வைப்பதும் சரணடைதலே. அடியவன் இறைவன் திருவடியில் தன்னை ஒப்படைப்பதும் சரணடைதலே. முன்னது அச்சத்தால் நிகழ்வது, பின்னது அச்சம் தீர்ப்பது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நம் மாவட்டத்து மண்ணில் நிகழ்ந்தவற்றை நோக்குவார்க்கு அவ்விரண்டையும் அத்துணை எளிதாகப் பிரிக்க இயலாது. 1741க்கும் 1752க்கும் இடைப்பட்ட காலத்தில், ஒரே அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்த மூவர், மூவேறு வகையில் சரண் புகுந்தனர்.

சரணாகதி நெறி நாஞ்சில் நாட்டிற்கு அயலானதன்று. நம்மாழ்வாரின் தாயார் உடையநங்கை பிறந்த ஊராகப் போற்றப்படுவது திருப்பதிசாரம். திருவண்பரிசாரம் என்ற பெயரில் அவ்வூரும், திருவட்டாறும் திருவாய்மொழியில் இடம்பெற்றவை என்பதை நம் இலக்கிய அன்பர்கள் அறிவர்.

1741ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் குளச்சலில் ஒல்லாந்துக் கம்பெனியின் படை மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றது. பிடிபட்டோருள் ஒருவர் யுஸ்தாக்கியுஸ் டி லனாய், வயது இருபத்தைந்து. மன்னர் அவரைச் சிறையில் வாட விடவில்லை. வேணாட்டு வீரர்க்கு ஐரோப்பிய முறையில் போர்ப்பயிற்சி அளிக்கும் பொறுப்பைத் தந்தார். உதயகிரிக் கோட்டையும் வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் வலுப்பெற்றன. பகைவனாக வந்தவர் 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777இல் மறையும் வரை முப்பத்தாறு ஆண்டுகள் இங்கேயே பணியாற்றி, தாம் எழுப்பிய உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். அக்கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணச் செல்வோர் சற்று நின்று நோக்குதல் நன்று.

இரண்டாமவர் நீலகண்ட பிள்ளை. 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். பத்மநாபபுரம் அரண்மனை அலுவலர். பயிரும் கால்நடையும் அடுத்தடுத்து அழிய, குடும்பம் நொடித்தது. வழிபாடுகள் செய்தும் மனம் ஆறவில்லை. அந்நிலையில் அவருடன் பழகிய டி லனாய், யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வரும் செல்வர் யோபு. மந்தைகளையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்து, சாம்பலில் அமர்ந்து, தாம் செய்த குற்றம் யாதென இறைவனிடமே வழக்காடியவர். அக்கேள்விக்கு நேர்விடை அவருக்குக் கிட்டவில்லை. படைப்பின் பெருமைதான் காட்டப்பட்டது. அதன்முன் அவர் அடங்கினார். பின்னரே இழந்தவை இருமடங்காகத் திரும்பின. நம் அரிச்சந்திரன் கதையும் இழந்ததைத் திரும்பப் பெறுவதிலேயே முடிகிறதன்றோ!

இக்காட்சியைக் கவிஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கதை சொன்னவரும் எல்லாம் இழந்தவர்; தம்மை வென்றவனின் கோட்டைக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தவர். வெறும் நூலறிவாளர் ஒருவர் சொல்லியிருப்பின் அக்கதை அத்துணை ஆழமாய் இறங்கியிருக்குமா என்பது ஐயமே.

1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், வேணாட்டு எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில், சேசு சபைத் துறவி புத்தாரி அடிகளிடம் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயரின் தமிழாக்கமாகத் தேவசகாயம் என்ற பெயர் அவருக்கு இடப்பட்டது. மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார். அவருக்குச் செல்வம் திரும்பவில்லை, உள்ளதும் போயிற்று. தாழ்த்தப்பட்டோருடன் வேறுபாடின்றிப் பழகியது உயர்குடியினர்க்கு உறுத்தியது. 1749 பிப்ரவரியில் கைதானார். எருக்கமாலை சூட்டி, எருமைமேல் ஏற்றி ஊரூராக இழுத்துச் சென்றனர். சமயம் மாறியதற்காகவே இத்தண்டனை என்பதை ஏற்காது, அரசுக் குற்றமே காரணம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. கொச்சி ஆயர் 1756இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையோ அவர் விசுவாசத்திற்காக உயிர் நீத்தார் என்றே கூறுகிறது.

அவர் காவலில் இருந்தபோதுதான் மூன்றாமவர் சரண் புகுந்தார். அவர் மன்னரேதான். கொல்லம் ஆண்டு 925, மகரத்தில், அதாவது 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மர் தம் நாடு முழுவதையும் அனந்தபத்மநாப சுவாமிக்கு உரிமையாக்கி, உடைவாளைத் திருமுன் வைத்தார். பத்மநாபதாசராக நின்று ஆள்வதற்கென அதனை மீண்டும் பெற்றுக்கொண்டார். இதுவே திருப்படித்தானம். இதனை அரசியல் சூழ்ச்சி என்பாரும் உளர், தூய பக்தி என்பாரும் உளர். இரண்டும் ஒருங்கே இருந்தன என்பதே என் துணிபு. இளமையில் எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்கு அஞ்சி ஒளிந்து திரிந்தவர் அவர். நிலையான பற்றுக்கோடு ஒன்றை அவர் உள்ளமும் தேடியிருக்கும். எனினும் வைத்த வாள் அன்றே கைக்குத் திரும்பிற்று. தேவசகாயம் வைத்தது திரும்பவில்லை.

மூவருள் யோபுவின் கதைமுடிவு ஓரளவேனும் வாய்த்தது, அக்கதையைச் சொன்ன டி லனாய்க்கே. பதவியும் இல்லறமும் புதுநாடும் பெற்றார். அவர்க்கும் 1765இல் களக்காட்டுப் போரில் மகனை இழக்க நேர்ந்தது. கதையைக் கேட்டவருக்கோ அதன் நடுப்பகுதியே வாழ்வாயிற்று. ஆயினும் பெருவிளையில் மரத்தோடு பிணைக்கப்பட்டிருந்த அவரைக் காண மக்கள் திரண்டனர் என்றும், தம் துயர்களைக் கூறி ஆறுதல் பெற்றுச் சென்றனர் என்றும் மரபு பேசுகிறது. நிலத்தையும் மந்தையையும் எண்ணி உறக்கமிழந்திருந்தவர், விலங்கு பூண்டபின் பிறர்க்கு ஆறுதல் உரைக்கிறார்! இழந்ததைப் பெறாமலே ஒரு வாழ்வு மீள எழும்பியதை இதில் காண்கிறோம். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2012இல் அருளாளராகவும் 2022இல் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்திற்று.

ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்திலேயே தங்கி, 1766இல் மறைந்து, அங்கேயே அடக்கமானார். பிறந்த வீடும் புகுந்த வீடும் மலைக்கு அப்பால், ஊரும் பெயரும் புதியவை, கணவரும் இல்லை. தேவசகாயத்தின் வரலாறு நாடகமாக நம் ஊர்களில் நடிக்கப்பட்டிருக்கிறது. குளச்சல் வெற்றிக்குக் கடற்கரையில் கல்தூணும் நிற்கிறது. அம்மூதாட்டியின் பதினான்கு ஆண்டுகளை நம் வட்டத்துக் கவிஞர் எவரேனும் எடுத்துப் பாடலாம்.